மூளைக்குக் கவசம் கேட்ட குரோம்பேட்டை வாசகிக்கு

கேள்வி:

வணக்கம் டாக்டர். எனக்கு வயது 46. குரோம்பேட்டையில் வீடு, பாரிமுனையில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. ஒன்றரை வருடத்துக்கு முன் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. பகலில் ஒரு அம்மா வந்து பார்த்துக்கொள்கிறார். ராத்திரி முழுக்க நான்தான். ஹாலில் அவர் லேசாக இருமினாலும் எழுந்துவிடுவேன். நான்கரை மணி நேரம் தூங்கினால் பெரிய விஷயம். ஆறு மாதமாக ஞாபக மறதி அதிகமாகிவிட்டது. சாவியை எங்கே வைத்தேன் என்று தினமும் தேடுகிறேன். பத்து வருடமாகத் தெரிந்த வாடிக்கையாளர் பெயர் போன வாரம் வாயில் வரவில்லை. நாள்பட்ட மன அழுத்தம் மூளையைச் சுருக்கிவிடும் என்று படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. அலுவலகத் தோழி சொன்னதால் இரண்டு மாதமாக அஸ்வகந்தா எக்ஸ்ட்ராக்ட், பிரமி எக்ஸ்ட்ராக்ட், மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் காப்ஸ்யூல் மூன்றும் சாப்பிடுகிறேன். எட்டு வருடமாகத் தைராய்டு மாத்திரை 75 போகிறது. முதல் மூன்று வாரம் தூக்கம் நன்றாக வந்தது. இப்போது ராத்திரியில் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. இந்த மூலிகைகள் என் மூளையைக் காப்பாற்றுமா? அளவைக் கூட்டலாமா? மாமியாருக்கும் மஞ்சள் காப்ஸ்யூல் கொடுக்கிறேன், தொடரலாமா? ஊரில் அம்மா வல்லாரைத் துவையல் அரைத்துத் தருவார், அதுவே போதுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் இரண்டு காரியம் செய்யுங்கள். மாமியாருக்குக் கொடுக்கும் மஞ்சள் காப்ஸ்யூலை இன்றே நிறுத்துங்கள். உங்களுடைய மூன்று காப்ஸ்யூல்களையும் இன்றே நிறுத்துங்கள். திடீரென்று விட்டால் ஏதாவது ஆகுமோ என்று பயப்பட வேண்டாம், ஒன்றும் ஆகாது. ஆனால் தைராய்டு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது.

மாமியாரின் மாத்திரைப் பட்டியல் உங்கள் கடிதத்தில் இல்லை. ரத்தக்குழாய் அடைத்து வந்த பக்கவாதம் என்றால் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போல ரத்தம் கட்டாமல் பார்த்துக்கொள்ளும் மாத்திரை ஒன்று நிச்சயம் ஓடிக்கொண்டிருக்கும். செறிவாக்கிய மஞ்சள் சத்துக்கும் அந்தக் குணம் கொஞ்சம் உண்டு. இரண்டும் சேர்ந்தால் ரத்தக் கசிவுக்கு வழியாகும். ரத்தம் கசிந்து வந்த பக்கவாதம் என்றால் இன்னும் மோசம். கூடவே அந்த மிளகுச் சத்து இருக்கிறதே, அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

மஞ்சளில் உள்ள குர்குமின் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போவதே அரிது. போன கொஞ்சத்தையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியே தள்ளிவிடும். 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஒரு சோதனை செய்தார்கள். 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பெரின், அதாவது மிளகின் காரச் சத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் குர்குமின் ஏறிய அளவு 20 மடங்கானது. இன்று நீங்கள் வாங்கும் காப்ஸ்யூலில் மிளகு இருப்பதற்கு அந்தச் சோதனைதான் அடிப்படை. டப்பாவில் இதைப் பெருமையாகப் போடுகிறார்கள். ஆனால் பைப்பெரின் எப்படி இதைச் செய்கிறது என்று பாருங்கள். மருந்துகளைக் கழித்து வெளியேற்றும் கல்லீரலின் வேலையை அது மந்தப்படுத்துகிறது. கல்லீரல் மஞ்சளுக்கு ஒரு வழி, மாத்திரைக்கு ஒரு வழி என்று வைத்துக்கொள்வதில்லை. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின், இதயத்துடிப்பைக் குறைக்கும் ப்ரோப்ரனலால் இவையெல்லாம் பைப்பெரினோடு சேரும்போது ரத்தத்தில் கூடுதலாக ஏறுவதைப் பார்த்திருக்கிறார்கள். பக்கவாதத்துக்கு அப்புறம் ஐந்தாறு மாத்திரை சாப்பிடும் வயதான ஒருவருக்கு இது தெரியாமல் ஏறும் டோஸ். ரசத்தில் போடும் மிளகைப் பற்றி நான் சொல்லவில்லை, அதைத் தாராளமாகக் கொடுங்கள்.

இப்போது உங்கள் படபடப்பு. கடிதத்தில் என் கண் நின்ற இடம் அதுதான். தைராய்டு குறைவாகச் சுரப்பதற்கு மாத்திரை சாப்பிடுகிறீர்கள். அஸ்வகந்தா தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடியது. தைராய்டு லேசாகக் குறைந்திருந்த 50 பேரில் பாதிப் பேருக்குத் தினம் 600 மில்லிகிராம் கிழங்குச் சத்தை 8 வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-ல் வந்தது. அவர்களுக்கு, தைராய்டைச் சுரக்கச் சொல்லித் தூண்டும் டி.எஸ்.எச். இறங்கியது, தைராய்டு ஹார்மோன் ஏறியது. மாத்திரையே சாப்பிடாதவர்களுக்கு அது நல்ல செய்தியாக இருக்கலாம். உங்களுக்கோ எட்டு வருடமாகப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த அளவு ஒன்று ஏற்கெனவே உள்ளே போகிறது. அதன் மேல் இதுவும் சேர்ந்தால் தைராய்டு அதிகமானவர்களுக்கு வருவதெல்லாம் வரும்: படபடப்பு, வியர்வை, தூக்கமின்மை, காரணமில்லாத பதற்றம். பிரமி மூலிகைக்கும் இந்தக் குணம் இருப்பது சுண்டெலிச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. மூன்று வாரம் நன்றாகத் தூங்கி அப்புறம் கெட்டுப்போனது என்று நீங்கள் எழுதியது இதோடு பொருந்தி வருகிறது. நீங்களோ மன அழுத்தம்தான் கூடிவிட்டது என்று நினைத்து அளவைக் கூட்டலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டவே வேண்டாம்.

இந்த வாரமே டி.எஸ்.எச்., தைராய்டு ஹார்மோனை அளக்கும் ஃப்ரீ டி4 இரண்டும் பாருங்கள். கூடவே கல்லீரலுக்கான எல்.எஃப்.டி., வைட்டமின் பி12, ஹீமோகுளோபின், சுகர், ஒரு ஈ.சி.ஜி. பி12 குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் மறதி வரும். சைவச் சாப்பாடு என்றால் பி12-ஐ விடவே கூடாது. முடிவுகளைத் தைராய்டு மாத்திரை எழுதித் தருகிற டாக்டரிடம் காட்டி, காப்ஸ்யூல் சாப்பிட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி டி.எஸ்.எச். பார்க்க வேண்டிவரும். நடுவில் நெஞ்சு வலியோ மூச்சு வாங்குவதோ மயக்கமோ இருந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

கல்லீரல் பரிசோதனை எதற்கு என்று தோன்றலாம். அஸ்வகந்தா சாப்பிட்ட சிலருக்கு மஞ்சள் காமாலை வந்தது ஐஸ்லாந்து, அமெரிக்கா, நம் பக்கத்துக் கேரளம் என்று பல இடங்களில் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. பெரும்பாலும் ஆரம்பித்து 2 முதல் 12 வாரத்துக்குள். டென்மார்க் 2023-ல் அதன் விற்பனையையே தடைசெய்துவிட்டது. இது எல்லோருக்கும் வருவதில்லை, அபூர்வம்தான். ஆனால் நீங்கள் அந்த 12 வாரத்துக்குள் இருக்கிறீர்கள். உடம்பு அரித்தால், சிறுநீர் கட்டங்காபி நிறத்தில் போனால், கண் வெளுப்பில் மஞ்சள் தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சரி, இனி உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். மன அழுத்தம் மூளையைச் சுருக்குமா?

சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து கார்டிசால் என்ற ஹார்மோன் வருகிறது. காலையில் நம்மை எழுப்பி உட்கார வைப்பது அதுதான். விடிகாலையில் உச்சத்தில் இருந்து, பொழுது சாயச் சாய இறங்கி, நடு ராத்திரியில் தரையைத் தொடும். ஆபத்து வந்தால் சட்டென்று ஏறி, ஆபத்து போனதும் இறங்க வேண்டும். இறங்கச் சொல்லும் வேலையில் மூளையின் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிக்குப் பங்கு உண்டு. காதுக்கு நேர் உள்ளே, கடல்குதிரை போல வளைந்து படுத்திருக்கும் சிறிய பகுதி அது. புதிய நினைவுகளைப் பதிகிற இடமும் அதுவே. கார்டிசால் வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் அங்கே ஏராளம் என்பதை நியூயார்க்கில் பிரூஸ் மெக்யூவன் எலிகளில் கண்டுபிடித்தது 1968-ல். அதுவரை மன அழுத்த ஹார்மோன் நினைவகத்தில் போய் உட்காரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

நம் பெங்களூருவில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ர சட்டர்ஜி குழுவினர் 2002-ல் வெளியிட்ட ஒரு வேலையை உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். எலிகளை ஒரு நாளைக்கு 2 மணி நேரம் அசைய விடாமல் அடைத்து வைத்தார்கள். பத்து நாள். அப்புறம் நரம்பு செல்களைச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். நரம்பு செல் ஒவ்வொன்றும் இலையுதிர்ந்த மரம் போல இருக்கும், கிளை கிளையாக. ஹிப்போகேம்பஸில் அந்தக் கிளைகள் குட்டையாகிப் போயிருந்தன. ஆனால் அதற்கு முன்னால் ஒட்டினாற்போல இருக்கிற அமிக்டலாவில், அதாவது பயத்தின் இருப்பிடத்தில், கிளைகள் நீண்டு அடர்ந்திருந்தன. 2004-ல் வெளியிட்ட அடுத்த ஆய்வில், இதே பத்து நாளுக்குப் பிறகு 21 நாள் எலிகளைத் தொந்தரவே செய்யாமல் விட்டுப் பார்த்தார்கள். ஹிப்போகேம்பஸ் கிளைகள் பழையபடி வளர்ந்துவிட்டன. அமிக்டலாவில் வளர்ந்தது மட்டும் அப்படியே நின்றது.

இதைப் படிக்கும்போதெல்லாம் என்னிடம் வருகிற, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிற பெண்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். பத்து வருட வாடிக்கையாளரின் பெயர் வரவில்லை, ஆனால் ஹாலில் ஒரு இருமல் கேட்டால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்துவிடுகிறீர்கள். எலியின் மூளையை அப்படியே மனித மூளைக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் அதிலிருந்து இரண்டு விஷயம் எடுத்துக்கொள்ளலாம். சுருங்கியது என்றால் செத்துப்போனது என்று அர்த்தமில்லை, நினைவுப் பகுதி திரும்பி வளரக்கூடியது. அப்புறம், அது வளர்ந்தது அழுத்தம் நின்ற பிறகு. மருந்து கொடுத்துக்கொண்டே கூண்டில் வைத்திருந்து வந்த முடிவு இல்லை அது.

சாவியை வைத்த இடம் மறப்பது டிமென்ஷியாவா, அதாவது மறதி நோயா என்றுதான் உள்ளுக்குள் பயம், இல்லையா? கடிதத்தில் அந்த வார்த்தையை நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் தெரிகிறது. நான்கரை மணி நேரம் தூங்கிய மூளை, மாமியாருக்கு மருந்து கொடுத்தோமா என்ற யோசனையோடு சாவியை வைக்கும்போது அந்தக் காட்சியைப் பதிவே செய்யவில்லை. பதியாததை எப்படித் தேடி எடுப்பது? சாவியைப் பார்த்ததும் "அட, இங்கேதான் வைத்தேன்" என்று ஞாபகம் வந்தால், மறந்த பெயர் சாயங்காலம் ரயிலில் தானாக வந்தால், அது கவனச் சிதறல். சாவி எதற்கு என்றே புரியாமல் போவது, பழகிய வழி தெரியாமல் நிற்பது, பத்து வருடமாகப் போட்ட கணக்கு வராமல் போவது, இவை வேறு. நீங்கள் எழுதிய கடிதம் வருடம், வாரம், மாத்திரை அளவு என்று ஒழுங்காக இருக்கிறது. என் மனதில் உங்களைப் பற்றி டிமென்ஷியா பயம் வரவில்லை.

மூலிகைகளைப் பற்றி இனிச் சொல்கிறேன். நான் அலோபதி மனநல மருத்துவர், அதனால் இவற்றை மட்டம் தட்டுவேன் என்று நினைக்க வேண்டாம். மூலிகை மூளையில் வேலை செய்யாது என்று எந்த மருத்துவரும் சொல்ல முடியாது. சர்ப்பகந்தா வேரை நம் வைத்தியர்கள் காலகாலமாகத் தூக்கத்துக்கும் மன நோய்க்கும் கொடுத்துவந்தார்கள். 1949-ல் பம்பாயைச் சேர்ந்த டாக்டர் ருஸ்தம் வக்கீல் அது ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை ஆங்கில மருத்துவ இதழில் எழுதிய பிறகு உலகமே திரும்பிப் பார்த்தது. 1952-ல் அதிலிருந்து ரெசர்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். பிரித்தெடுத்து மாத்திரையாக்கிக் கொடுத்தபோது பிரஷர் இறங்கியது. சிலருக்கு மனமும் இறங்கியது, ஆழமான மனச்சோர்வு. நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் ஒரு பெரியவர் பல மாதமாகப் பேச்சே இல்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வயதாகிவிட்டது, அப்படித்தான் இருப்பார் என்று வீட்டார் விட்டுவிட்டார்கள். அவருடைய பழைய மாத்திரைச் சீட்டை எடுத்துப் பார்த்த எங்கள் பேராசிரியர் ரெசர்பினை நிறுத்தச் சொன்னார். சில வாரத்தில் அந்தப் பெரியவர் தன் பேத்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வேருக்கு அவ்வளவு சக்தி உண்டு. அதனால்தான் இயற்கையானது, ஒன்றும் செய்யாது என்று யாராவது சொன்னால் எனக்குப் பதறுகிறது.

அஸ்வகந்தாதான் நம் அமுக்கரா. நாட்டு மருந்துக் கடையில் அமுக்கராங் கிழங்கு என்று கேட்டால் கொடுப்பார்கள். பச்சை வேருக்குக் குதிரை வாடை அடிக்கும் என்பதால் வடமொழியில் அந்தப் பெயர். தாவரவியல் பெயரில் உள்ள சோம்னிஃபெரா என்ற சொல்லுக்குத் தூக்கம் தருவது என்று பொருள். 2012-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் மன அழுத்தம் உள்ள 64 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்குத் தினம் 300 மில்லிகிராம் இரண்டு வேளை கொடுத்தார்கள். 60 நாளில் அவர்களுக்குக் கார்டிசால் சுமார் 28 சதவீதம் குறைந்தது, பதற்றமும் நன்றாகத் தணிந்தது. ஆக, தோழி சொன்னது கட்டுக்கதை இல்லை. ஆனால் 60 நாள் மனம் தணிந்தது என்பதும், மூளை செல் காப்பாற்றப்பட்டது என்பதும் ஒன்றல்ல. அங்கே யாரும் மூளையைப் பார்க்கவில்லை.

டப்பாவில் "மூளை செல்களைப் பாதுகாக்கும், ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் வேறு வகை ஆய்வு. ஒரு கண்ணாடித் தட்டில் நரம்பு செல்களை வளர்ப்பார்கள். அதில் மன அழுத்த ஹார்மோனை ஊற்றினால் செல்கள் சாகும். மூலிகைச் சத்தை முன்கூட்டியே ஊற்றி வைத்தால் குறைவாகச் சாகும். வேலை செய்யும் பொருளைத் தேட இது நல்ல முதல் படி, இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தட்டுக்குக் குடல் கிடையாது, கல்லீரல் கிடையாது. ரத்தத்தில் வருகிற எதையும் சலித்துச் சலித்துத்தான் உள்ளே விடுகிற மூளையின் ரத்தத்தடை கிடையாது. நீங்கள் விழுங்கிய காப்ஸ்யூல் இந்த மூன்றையும் தாண்ட வேண்டும். தட்டில் ஊற்றிய அளவு உங்கள் ஹிப்போகேம்பஸுக்குப் போய்ச் சேர்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எக்ஸ்ட்ராக்ட் என்ற சொல்லையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். கிழங்கைத் தண்ணீரிலோ ஆல்கஹாலிலோ ஊறவைத்து, சத்தை இறக்கி, வற்றக் காய்ச்சி எடுப்பதுதான் அது. அமுக்கராவின் முக்கியச் சத்துக்கு விதனோலைடு என்று பெயர். கிழங்குத் தூளில் அது பொதுவாக நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. உங்கள் டப்பாவில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால் 300 மில்லிகிராம் காப்ஸ்யூலில் 15 மில்லிகிராம் உள்ளே போகிறது. இன்னொரு டப்பாவில் 2.5 இருக்கும், இன்னொன்றில் 10 இருக்கும். எல்லாம் அஸ்வகந்தாதான், ஆனால் ஒரே மருந்து இல்லை.

சித்த மருத்துவத்தில் அமுக்கராவை அப்படியே தூளாக்கிக் கொடுத்துவிடுவதில்லை. பானையில் பாலும் தண்ணீரும் கொதிக்க வைத்து, வாயைத் துணியால் கட்டி, அதன் மேல் தூளைப் பரப்பி, புட்டு வேகிற மாதிரி ஆவியில் வேகவைப்பார்கள். பிட்டவியல் என்பார்கள். பிறகு உலர்த்தி மறுபடி இடித்துச் சலித்து எடுப்பது. அப்படிச் செய்த தூளோடு சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், கிராம்பு சேர்ந்து, சர்க்கரையும் கலந்தால் அமுக்கரா சூரணம். சுகர் உள்ளவர்கள் அந்தச் சர்க்கரையை மறந்துவிடுகிறார்கள், தைராய்டு உள்ளவர்கள் அந்த அமுக்கராவை மறந்துவிடுகிறார்கள். வைத்தியர் நாடி பார்த்து, வேறு என்ன மருந்து ஓடுகிறது என்று கேட்டுக் கொடுத்த பொருளை நாம் செல்போனில் ஆர்டர் போட்டு வாங்குகிறோம். நடுவில் இருந்த வைத்தியரை எடுத்துவிட்டோம். என் வருத்தமெல்லாம் அதில்தான்.

பிரமியில் இன்னொரு குழப்பம். நீர்நிலை ஓரத்தில் சின்னச் சின்னத் தடித்த இலையோடு படரும் நீர்ப்பிரமி ஒன்று, அதன் தாவரவியல் பெயர் பக்கோபா. வட்ட வட்டமாக இலை விடுகிற வல்லாரை வேறு, அது சென்டெல்லா. வடக்கே பல இடங்களில் வல்லாரையையும் பிரமி என்றே சொல்வார்கள். டப்பாவில் தாவரவியல் பெயர் எது என்று பாருங்கள். ஆராய்ச்சி அதிகம் நடந்தது பக்கோபாவில்தான். ஆஸ்திரேலியாவில் 2001-ல் வந்த ஆய்வில் ஆரோக்கியமானவர்களுக்குத் தினம் 300 மில்லிகிராம் கொடுத்தபோது புதியதைக் கற்கும் வேகம் கொஞ்சம் கூடியது தெளிவாகத் தெரிந்தது 12 வாரம் முடிந்தபோது. வெறும் வயிற்றில் சாப்பிட்டால் வயிற்றைக் கலக்கும், பேதியும் ஆகும்.

தைராய்டு, கல்லீரல் எல்லாம் சரியாக வந்த பிறகும் மூலிகை மருந்து வேண்டும் என்று தோன்றினால் நீங்களாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து ஒரே ஸ்டேஷன், தாம்பரம் சானடோரியம். அங்கே 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போய் அங்குள்ள மருத்துவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். ஒரு சமயத்தில் ஒரு மருந்து, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். அப்போதுதான் நல்லதோ கெட்டதோ எது எதனால் என்று தெரியும். வாங்கும் டப்பாவில் ஆயுஷ் உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி மூன்றும் இருக்க வேண்டும். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் மட்டும் இருந்தால் அது மருந்தாக விற்கப்படவில்லை, சத்துணவாக விற்கப்படுகிறது. வேர் என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். அஸ்வகந்தா இலையைச் சேர்க்க வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகமே 2021-ல் உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது. ஈயம், பாதரசம் கலப்பும் கற்பனைப் பயம் இல்லை. 2004-ல் வெளியான ஆய்வில், பாஸ்டன் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேதப் பொருள்களில் 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் நேராக மூளையைத்தான் தாக்கும்.

மூளையைக் காப்பாற்ற வேறு என்னதான் வழி? அந்த எலிகளைக் கூண்டிலிருந்து வெளியே விட்டதுதான் வழி. உங்கள் கூண்டு ராத்திரி. ஒன்றரை வருடமாக ராத்திரி முழுக்க நீங்கள் ஒருவரே என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. கணவர் இருந்தால், அவருடைய தாய் அவர். வாரத்தில் மூன்று ராத்திரி அவர் ஹாலில் படுக்கட்டும், நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே தூங்குங்கள். முதல் நான்கைந்து நாள் சும்மாவே விழிப்பு வரும், அமிக்டலா சொன்ன பேச்சு கேட்காது. அப்புறம் அடங்கும். இந்தப் பத்தியை அவரிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள், டாக்டர் எழுதினார் என்று. அவர் இல்லாத வீடு என்றால் வாரத்தில் இரண்டு ராத்திரிக்காவது ஆள் போடுங்கள். மூன்று காப்ஸ்யூலுக்குச் செலவழித்த பணம் அதில் ஒரு பங்கைத் தாங்கும்.

அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. எழுந்து வர முடியாதவர்களின் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்டும் செவிலியரும் வருவார்கள், பிரஷர், சுகர் மாத்திரையும் வீட்டுக்கு வரும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாமியார் பெயரைப் பதிவு செய்யுங்கள். வருகிற பிசியோவிடம் காற்றுப் படுக்கை போடலாமா, ராத்திரியில் எத்தனை மணிக்கு ஒரு முறை புரட்டினால் போதும் என்று கேளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் எழுவது நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் என்று மாறினால்கூட உங்கள் தூக்கத்துக்கு அது எந்தக் காப்ஸ்யூலையும் விடப் பெரிய மருந்து. சாயங்காலக் காபியை விட்டுவிடுங்கள். குடித்த காபியில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் நிற்கும்.

நடையை நான் எல்லோருக்கும் சொல்கிறேன், காரணத்தோடு. 2011-ல் அமெரிக்காவில் 55 வயதுக்கு மேற்பட்ட 120 பேரை எடுத்து, பாதிப் பேரை வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வேகமாக நடக்க வைத்தார்கள். மற்றவர்கள் உடம்பை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தார்கள். ஒரு வருடம் கழித்து ஸ்கேனில் நடந்தவர்களின் ஹிப்போகேம்பஸ் 2 சதவீதம் வளர்ந்திருந்தது, மற்றவர்களுக்குச் சற்றுச் சுருங்கியிருந்தது. உயிரோடு உள்ள மனிதர்களின் மூளையிலேயே அளந்து பார்த்த கணக்கு இது. உங்களுக்குத் தனியாக நேரம் இருக்காது, தெரியும். கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி அலுவலகத்துக்கு ஷேர் ஆட்டோ ஏறாமல் நடக்கலாம். மாலையில் ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே பல்லாவரத்தில் இறங்கியும் நடக்கலாம். படபடப்பு அடங்கி, ஈ.சி.ஜி. சரி என்று டாக்டர் சொன்ன பிறகு தொடங்குங்கள்.

அழுகை அடக்க முடியாமல் வந்தாலோ, எதுவும் வேண்டாம் என்று தோன்றினாலோ 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். நள்ளிரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. பார்த்துக்கொள்கிறவர்களுக்கு மனச்சோர்வு வருவது சாதாரணம், அதற்கு நல்ல சிகிச்சையும் இருக்கிறது.

கடைசியாக வல்லாரைத் துவையல் கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சாப்பிடுங்கள். சாப்பாட்டில் சேர்கிற கீரை அளவு உங்களுக்குக் கெடுதல் ஒன்றும் செய்யாது. தைராய்டு மாத்திரை மட்டும் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு, காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால். அதில் எதையும் கலக்காதீர்கள். கீரைக்காரம்மாவிடம் ஒரு கட்டு வாங்கி, மண் போக நாலு தண்ணியில் அலசுங்கள், சாக்கடை ஓரத்திலும் வளர்கிற கீரை அது. காம்பைக் கிள்ளிவிட்டு இலையை நல்லெண்ணெயில் சுருள வதக்கி, வறுத்த உளுத்தம்பருப்பு, இரண்டு மிளகாய், கொஞ்சம் புளி, ஒரு கைத் தேங்காய் வைத்து அரைத்தால் கசப்பு தெரியாது. மாமியாருக்குக் கொடுப்பதென்றால் விழுங்குவதில் சிரமம் இல்லாமல் இருக்க வேண்டும். நன்றாக மசிய அரைத்து, குழைந்த சாதத்தில் பிசைந்து, நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டுங்கள். அவரை முதலில் ஊட்டி முடித்துவிட்டு ஆறிப்போன சாதத்தை நின்றுகொண்டே சாப்பிடுவீர்கள் என்று நினைக்கிறேன். பகலில் வருகிற அம்மா இருக்கும்போதே, ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது, உங்கள் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.